நூற்றைந்து சதவீதம் ஓடிய மாப்பிள்ளை

மாஸ்கோ, நவம்பர் 3

மாப்பிள்ளை மத்வேய் யெகோரவிச்சுக்கு,

கபிடலீனா எழுதுவது. என் மகள் ரிம்மாவின் கடிதத்தோடு இதையும் சரக்குக் கலத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுடையதை முதலில் படியுங்கள். அதில் அன்பு இருக்கும். இதில் வேலை மட்டும்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் வேலைக்குப் போக மனம் வரவில்லை. கிளம்பும் முன், "நாலு மாசம் விண்வெளி நிலையத்துல இருக்கப் போறீங்களே, பயமா இல்லையா?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். "மாமியார் வர முடியாத ஒரே இடம் அதுதாங்க, அதான் கெளம்பிட்டேன்" என்று சொன்னீர்களாம். நாடே சிரித்தது. ரொட்டிக் கடை வரிசையில் என் பின்னால் நின்ற பெண் அதை உரக்கப் படித்துவிட்டு, "அவ எப்பேர்ப்பட்ட ராட்சசியா இருப்பா!" என்றாள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் உடற்பயிற்சித் திட்டத்தைப் போட்ட டாக்டரும் அந்த ராட்சசிதான் என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டீர்கள். நான் வர முடியாத இடம் இல்லை அது. ஓட்டப் பட்டையின் மேல் மிதந்து போய்விடாமல் உங்கள் தோளையும் இடுப்பையும் கட்டி இழுக்கிறதே ரப்பர் கயிறு, அதுதான் நான்.

இனி வேலை. போன குழு அறுபத்து மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரையும் ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கினோம். ஒருவன் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். "கனக்குது, எடுத்துடுங்க" என்று அழுதான். எடை இல்லாத இடத்தில் சும்மா இருந்த உடம்பு அப்படித்தான் ஆகும். தொண்ணூறு நாளுக்கு மேல் மனிதன் தாங்க மாட்டான் என்று பேராசிரியர் வெலிச்கோ எழுதி வைத்திருக்கிறார். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் தாங்குவான் என்பது என் கட்சி. பிப்ரவரி இருபதாம் தேதி இதை முடிவு செய்யும் குழு கூடுகிறது. நூற்றிருபது நாள் கழித்து நீங்கள் இருவரும் உங்கள் காலில் நடந்தால் அடுத்தது அரை வருடப் பயணம். இல்லையென்றால் கதவை மூடிவிடுவார்கள். என் பதினான்கு வருட வேலையும் அதோடு சரி.

உங்கள் அறிக்கையில் தினமும் 5.25 கிலோமீட்டர் என்று இருக்கிறது. மகிழ்ச்சி. புது ரப்பர் கயிறு நான்கு ஜோடி அனுப்புகிறேன். இருபது நாளில் தேய்ந்துவிடும், மாற்றுங்கள். கடுகுப் பசை இரண்டு குப்பியும் இருக்கிறது. அது உங்களோடு இருக்கும் கமாண்டருக்கு.

கபிடலீனா ஃபியோதரவ்னா


நிலையம், டிசம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு வாரம் எங்களோடு தங்க வந்த விருந்தாளிக் குழு நாளைக் காலை கீழே கிளம்புகிறது. அவர்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வந்தவர்களை ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்றோம். ரொட்டி கையை விட்டுப் பறந்துபோய்க் காற்றுக் குழாயில் ஒட்டிக்கொண்டது. உப்பு எல்லார் கண்ணிலும் விழுந்தது. மரபு காப்பாற்றப்பட்டது.

பத்திரிகை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது நம் ஊர் ஆண்கள் எல்லாரும் சொல்கிற நகைச்சுவைதானே. மாமியார் நகைச்சுவை சொல்லத் தெரியாதவனை ரயிலில் பக்கத்தில் உட்காரவே விட மாட்டார்கள். கமாண்டர் ரொடியோன் தினமும் எனக்கு இரண்டு சொல்கிறார். அவர் கடுகுப் பசையில் எனக்குப் பங்கு தரவில்லை.

என் வேலை அமோகமாகப் போகிறது. நான் ஆறு வருடம் உழைத்துக் கட்டிய உலை இருக்கிறதே, அதில் பூமியில் கிடைக்கவே கிடைக்காத படிகங்கள் பதினேழு வளர்ந்துவிட்டன. திட்டத்தில் பதினாறுதான். உலைக்கு ஓர் ஆட்டமும் ஆகாது. ஒரு ஆள் பட்டையில் ஓடினால் நிலையம் முழுவதும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, படிகத்தில் கீறல் விழுகிறது. ஆனாலும் கவலைப்படாதீர்கள், எப்படியோ சமாளிக்கிறேன். நீங்கள் அனுப்பிய ரப்பர் கயிறுகள் பிரமாதம். உலையின் மூடியை அவற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், அசையவே இல்லை.

ஓட்டம் தினமும் 5.25. விருந்தாளிகள் எங்கள் கெண்டைக்காலை நாடாவால் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டார்கள். அது உங்களிடம் வரும்.

அன்புடன்,
மத்வேய்


மாஸ்கோ, டிசம்பர் 26

மத்வேய்,

நீ ஓடவில்லை.

ஆறு வருடமாக 'நீங்கள்' என்று சொன்ன வாய்தான் இது. இனி முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய், அதுவும் சோறு ஆக்கிப் போடுகிறவளிடமே.

தண்ணீர்ப் பிரிவு இன்ஜினியர் போன மாதமே என்னிடம் வந்தார். நிலையத்துக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துத்தானே உங்களுக்குக் குடிநீர் ஆக்குகிறார்கள்? "டாக்டரம்மா, கணக்குப்படி ஒரு நாளைக்கு வர வேண்டிய தண்ணி வரல. உங்க ஆளுங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்றார். இயந்திரத்தைப் பாருங்கள் என்று அவரையே திட்டி அனுப்பினேன். என் மாப்பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறகு உன் கடிதம் வந்தது. தேய்ந்திருக்க வேண்டிய கயிறு உலை மூடியில் புதுசாகத் தொங்குகிறது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அளவுச் சீட்டும் வந்தது. கிளம்பும்போது உன் கெண்டைக்கால் முப்பத்தாறு சென்டிமீட்டர். இப்போது முப்பத்திரண்டு. கமாண்டருக்கு அரை சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது.

தினமும் ஐந்தேகால்! திட்டத்துக்கு மேல் சரியாக ஐந்து சதவீதம், ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. வானத்துக்குப் போயும் நம் தொழிற்சாலைப் புத்தி போகவில்லையே உனக்கு. டிராக்டர் தொழிற்சாலையில் இப்படி எழுதினால் ஒரு டிராக்டர் குறையும், அவ்வளவுதான். இங்கே என்ன ஆகும் என்று யோசித்தாயா? காகிதப்படி நீ நூற்றைந்து சதவீதம் ஓடியவன். பிப்ரவரியில் உன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது வெலிச்கோ எழுந்து, "முழுத் திட்டத்தையும் செய்தவனுக்கே இந்தக் கதி" என்பார். யார் பதில் சொல்வது? உன் பொய் என் உண்மையைக் கொன்றுவிடும்.

நிலையம் ஆடுகிறதாம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ தூங்கும்போதும் உலை எரியும் அல்லவா?

ரேடியோவில் இதைக் கேட்க முடியாது, கட்டுப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேரின் காது இருக்கிறது. அதனால் நாளைக் கிளம்பும் சரக்குக் கலத்தில் இதை வைக்கிறேன். மேலிடத்துக்கும் நான் எழுதவில்லை. எழுதினால் உன்னை அடுத்த கலத்திலேயே இறக்கிவிடுவார்கள், இனி ஏற விடமாட்டார்கள். ரிம்மாவிடமும் சொல்லவில்லை. இன்னும் நாற்பது நாளுக்கு மேல் இருக்கிறது. என்ன செய்வாய் என்று நீயே முடிவு செய்.

உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அதைவிடப் பயம். அந்தப் பையன் பூவைத் தூக்க முடியாமல் அழுததை நான் பார்த்தவள்.

கபிடலீனா


நிலையம், டிசம்பர் 30

அத்தை,

இந்தக் கடிதம் கீழே வர ஜனவரி ஆகும். அதற்குள் என் சூடு ஆறிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ஆமாம், ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? எனக்கு முன்னால் போனவர்களும் கொஞ்சமாவது ஓடினார்கள், அவர்களையும் தூக்கித்தானே போனீர்கள்? எப்படியும் ஸ்ட்ரெச்சர்தான் என்றால் தினமும் பயிற்சிக்குப் போகும் இரண்டரை மணி நேரத்தில் ஒரு படிகமாவது வளரட்டும் என்று நினைத்தேன். உங்களுக்குப் பதினான்கு வருட வேலை என்றால் எனக்கும் ஆறு வருட வேலை இருக்கிறது. என் உலையைப் பற்றி ஒரு வரியாவது கேட்டீர்களா?

கமாண்டருக்கு எல்லாம் தெரியும். "நான் உன் மாமியார் இல்ல. காலு உன்னோடது" என்று முதல் வாரமே சொல்லிவிட்டு, தன் ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் என் கோபம் முழுசாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தைப் பொய்யாக்க வேண்டும் என்று நேற்று உலை மூடியில் இருந்த கயிற்றை அவிழ்த்து, பட்டை மேல் நின்று, முழு இழுப்புக்கு மாட்டினேன். பூமியில் இருக்கிற என் எடைதான் அது, அதற்கு மேல் ஒரு கிராம் இல்லை. என்னைக் கேட்காமலே என் முழங்கால் மடங்கியது, அத்தை. மறுபடி நின்றேன், மறுபடி மடங்கியது. கமாண்டர் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று தெரியும்.

பயந்துவிட்டேன். முதல் மாடி ஏற முடியாத ஆளாக ரிம்மாவிடம் போய் நிற்பேனோ என்று நினைத்தேன். நிற்கவாவது முடியுமா?

நாளைக் காலை அறிக்கை நேரம். "உன் ஓட்டம் எவ்வளவுன்னு சொல்லட்டும்?" என்று கமாண்டர் கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மத்வேய்


மாஸ்கோ, ஜனவரி 10

மத்வேய்,

புது விருந்தாளிக் குழுவிடம் இதைக் கொடுக்கிறேன். உன் பதில் எதுவும் எனக்கு வரவில்லை. ஆனால் முப்பத்தொன்றாம் தேதி காலை நான் கூடத்தில் இருந்தேன்.

புத்தாண்டு வாழ்த்துச் சொல்லத்தான் எல்லாரும் கூடியிருந்தோம். யாரோ ஃபிர் மரக் கிளை ஒன்றை மேசையில் வைத்திருந்தார்கள். அப்போது உன் குரல்: "மத்வேய் ஷூபின் பேசுறேன். நான் இதுவரைக்கும் சொன்ன ஓட்ட அளவெல்லாம் பொய். எண்பது நாள்ல மொத்தமா முப்பது கிலோமீட்டர் ஓடியிருந்தா அதிகம். மீதியை அடிச்சிடுங்க. இது டாக்டரோட தப்பு இல்ல."

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இயக்குநர் மேசையில் அடித்து, "அடுத்த கலத்துலயே அவனைக் கீழ எறக்குங்கய்யா!" என்று கத்தினார். வெலிச்கோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பாவம்" என்றார். அந்த 'பாவம்' எனக்கு.

நான் எழுந்தேன். "எறக்காதீங்க. ஒருத்தர் முதல் நாள்லேர்ந்து ஓடுறார். இன்னொருத்தன் எண்பது நாள் சும்மா கெடந்துட்டு இப்போ ஓடப் போறான். ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு, ஒரே காத்து. பாதியில ஆரம்பிச்சாக்கூட உடம்பு திரும்புதான்னு பார்க்க இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்க கெடைக்கும்?" என்றேன்.

"உங்க மாப்பிள்ளைங்கிறதால பேசுறீங்களா?" என்றார் இயக்குநர்.

"மாப்பிள்ளைன்னு பார்த்திருந்தா இப்பவே எறக்கச் சொல்லியிருப்பேன், வீட்ல வச்சு உதைக்க."

சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு இறக்க முடியாது அல்லவா? நீ அங்கேயே இருக்கிறாய். உன் பெயரில் ஒரு கண்டனம் பதிவாகிறது, அதை என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்கவும் கூடாது.

அன்றே ரேடியோவில் படிக்கச் சொன்ன புதுத் திட்டத்தை முழுசாக இதோடு வைக்கிறேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. முதல் வாரம் நடந்தது போதும், இனி ஓடு. வலித்தால் ரேடியோவில் சொல், நாற்பது பேர் கேட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இரண்டு பேரும் தூங்கும் நேரத்தில் உலையை எரி. அந்த நேரத்தில் உலைக்கு மின்சாரம் கிடைக்க மின்பிரிவில் நான்கு நாள் சண்டை போட்டு வாங்கினேன். உன் பதினேழு படிகத்தைப் பற்றியும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அழகாக இருக்கும் போலிருக்கிறதே.

முப்பத்தொன்றாம் தேதி எனக்கு உன் மேல் ஏற்பட்ட மரியாதை, நீ ராக்கெட்டில் ஏறிய அன்றுகூட ஏற்பட்டதில்லை.

கபிடலீனா


நிலையம், ஜனவரி 18

அத்தைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், மாலை ஓட்டத்துக்கு நேரமாகிறது. பழைய கடிதத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் கோபத்துக்கு இப்போது சொந்தக்காரன் இல்லை.

நேற்று ஏழு கிலோமீட்டர். ஏழேகால் இல்லை, ஏழரை இல்லை. ஏழு. பன்னிரண்டாம் தேதி மூன்றோடு நிறுத்திவிட்டேன், தொடை பிடித்துக்கொண்டது, அதையும் அப்படியே சொன்னேன். வலி என்றால் அப்படி ஒரு வலி. உங்களைத் திட்டாத நாள் கிடையாது, திட்டுவது தாளத்துக்கு வசதியாகவும் இருக்கிறது. வேர்வை கீழே ஒழுகாது, முதுகிலேயே குளம் மாதிரி நிற்கும். கமாண்டர் துணியால் ஒற்றி எடுத்து, "தண்ணிப் பிரிவுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்கிறார். இரண்டு ஜோடிக் கயிறு தேய்ந்து அறுந்துவிட்டது. சாட்சிக்கு விருந்தாளிகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கெண்டைக்கால் முப்பத்து மூன்றரை. உலையில் இருபதாவது படிகம் வளர்கிறது, கீறல் இல்லை. தூங்கும்போது எரிக்கலாம் என்பது உலையைக் கட்டிய எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இன்னும் இருபத்திரண்டு நாள். போதுமா?

மத்வேய்


ஓய்வில்லம், பிப்ரவரி 12

அத்தை,

நீங்கள் மாஸ்கோவில் குழுவுக்கான காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் நாங்கள் இறங்கிய புல்வெளிக்கு வர முடியவில்லை. கமாண்டர் சொன்னதாகவும் டாக்டர்கள் சொன்னதாகவும் ஆயிரம் கேட்டிருப்பீர்கள். நடந்தவன் சொல்வதைக் கேளுங்கள்.

கலத்தோடு தரையில் மோதி உருண்டு நின்றோம். கதவு திறந்ததும் பனியின் வாசனை. அது இவ்வளவு நல்ல வாசனை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருவரையும் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். என் தலை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கனம் கனத்தது. கூடாரம் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தது, பக்கத்திலேயே இரண்டு ஸ்ட்ரெச்சர்.

கமாண்டர் எழுந்தார், நடந்தார், போய்விட்டார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் ஆள், அந்த இளம் டாக்டர், குனிந்து, "வேணாங்க. உங்களை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார்.

"எங்க அத்தை நினைப்பாங்க" என்றேன்.

எழுந்தேன். முழங்கால் மடங்கவில்லை. முதல் அடி பனியில் புதைந்தது. நர்ஸ் ஒருத்தி கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்த கார்னேஷன் பூக்களை நீட்டினாள். கனத்தது, அத்தை. இரும்புக் குழாய்க் கட்டு மாதிரி கனத்தது. விடவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள், நான் பிடிக்கவில்லை. நடுவில் ஒருமுறை நின்றேன், மூச்சு வாங்கினேன், மறுபடி நடந்தேன். பத்தொன்பது அடி எடுத்து வைத்தேன். கூடார வாசலில் கமாண்டர் நின்று, ஓட்டப் பந்தயத்தில் கத்துவது போல் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் நான் அழுதேன். அவரும்.

ஒரு பூவை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். எப்படியும் குழுவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கனம் பார்க்கட்டும்.

மத்வேய்


மாஸ்கோ, பிப்ரவரி 21

மத்வேய், என் பிள்ளை,

ஜெயித்துவிட்டோம்!

மூன்று மணி நேரம் நடந்தது. நான் இரண்டு கோடு போட்ட ஒரே தாளைச் சுவரில் மாட்டினேன். ஒன்று கமாண்டருடைய கால், நேர்கோடு. இன்னொன்று உன்னுடையது. டிசம்பர் முடியும் வரை படிக்கட்டில் உருண்டது போல் கீழே போகிறது, அங்கே திரும்பி ஏறுகிறது. ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெலிச்கோ எழுந்து தாளுக்குப் பக்கத்தில் போனார், விரலை அந்தத் திருப்பத்தில் வைத்தார். "நான் போட்ட தொண்ணூறு நாள் தப்பு. அடிச்சிடுங்க" என்றார். உன் வார்த்தையையே சொன்னார், தெரிந்துதான் சொன்னார். பெரிய மனிதர். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அரை வருடப் பயணத்துக்கு அனுமதி. அடுத்த நிலையத்துக்கும் அனுமதி. நட்சத்திரப் பதக்கமும் அந்தக் கண்டனமும் உனக்கு ஒரே உறையில் வருமாம். இரண்டையும் பத்திரமாக வை.

பூவை எடுத்துப் போனேன். காட்டவில்லை. அது என்னுடையது.

அடுத்த புதன் இருபத்தெட்டாம் தேதி, குளிர்காலத்தை வழியனுப்பும் வாரம். புதன்கிழமை மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு அப்பம் தின்ன வர வேண்டும், அதை எந்த அரசாங்கமும் மாற்றியதில்லை. டாக்டர்களிடம் நான் பேசிவிட்டேன். ரிம்மாவோடு வா. நான்கு மாடிதான், லிஃப்ட் இருக்கிறது.

கபிடலீனா


மார்ச் 1

அத்தைக்கு,

அப்பத்துக்கு நன்றி. புளித்த பாலாடை தொட்டுப் பதினொன்று தின்றேன். ரிம்மா பன்னிரண்டு என்கிறாள். நான் பதினொன்றுதான் எழுதுவேன்.

இனி லிஃப்ட் விஷயம். 'பழுது. படியில் ஏறவும்' என்று கீழே அட்டை தொங்கியது. ரிம்மா அட்டையைப் படிக்காமலே முன்னால் ஏறினாள். இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன், கால் நெருப்பாக எரிந்தது. மூன்றாம் மாடிக்கு வந்தபோது லிஃப்ட் கதவு திறந்து, உங்கள் கீழ்வீட்டு அம்மாள் நாயோடு வெளியே வந்தார். "ஏம்பா, படியில வர்ற? நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

அப்போதுதான் அந்த அட்டையின் கையெழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு மாதம் அந்த எழுத்தைத் தவிர வேறு எதைப் படித்தேன்?

லிஃப்ட் திறந்தே நின்றது. ஏறியிருக்கலாம். நாய்கூட என்னை ஏறச் சொல்வது போல் பார்த்தது. மேலே நிமிர்ந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, கையில் வாணலியோடு நின்றீர்கள். கீழே இறங்கி வரவில்லை, கை நீட்டவில்லை, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அப்பம் கருகுகிற வாசனை வந்தது, நீங்கள் திரும்பக்கூட இல்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

ஏறிவிட்டேன்.

எண்பத்தெட்டுப் படி, அத்தை. ஐந்து சதவீதம் கூட்டித் தொண்ணூற்றிரண்டு இல்லை. நீங்களும் எண்ணினீர்கள்.

மத்வேய்